ஹானெமியூலே ஃபோட்டோ ராக் 308: எந்த ஓவியத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

நீர்வண்ணம், பென்சில், கரி, குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்). இவற்றை இங்க்ஜெட் பிரிண்டரில் நகலெடுக்க ஒரே ஒரு தாளைத்தான் வாங்கி வைக்க முடியும் என்றால், அது ஃபோட்டோ ராக் 308 ஆக இருக்கட்டும். வார்னிஷ் பூசிய எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு இதே தாளைப் போட்டால் மையும் வீண், தாளும் வீண். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பளபளப்பில்லாத பரப்பில் கறுப்பு ஓரளவுக்கு மேல் ஆழமாகாது. இந்தத் தாளைக் குறை சொல்பவர்கள் பலர் அந்த எல்லையைக் கணக்கில் எடுக்காதவர்கள். மீதிப் பேர் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் தவறான பெட்டியை டிக் செய்தவர்கள்.

ஹானெமியூலே 1584 முதல் ஜெர்மனியில் காகிதம் செய்துவரும் ஆலை. ஃபோட்டோ ராக் 308 முழுக்கப் பருத்தி. சதுர மீட்டருக்கு 308 கிராம், தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அமிலமோ லிக்னினோ கிடையாது. கால்சியம் கார்பனேட் கலந்திருப்பதால் காற்றிலிருந்து சேரும் அமிலத்தைத் தாளே ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். நெடுங்காலக் காகிதத்துக்கான ஐஎஸ்ஓ 9706 தரத்துக்கும் பொருந்துகிறது. மை வாங்கும் பூச்சு ஒரு பக்கத்தில் மட்டும்தான். இதே பெயரில் 188, 500 ஜிஎஸ்எம் தாள்களும் வருகின்றன. 188 கையில் எடுத்தாலே வளையும் என்பதால் சட்டம் போடாமல் கொடுக்கும் பிரதிகளுக்கு ஏற்றதல்ல. 500 அழகானதுதான், ஆனால் தாள் வளைந்து செல்லும் பிரிண்டரில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். 308 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டத்துக்குள் அலை அலையாக நெளியாது, பெரும்பாலான ஃபைன் ஆர்ட் பிரிண்டர்களிலும் சிக்கல் இல்லாமல் நுழையும்.

பரப்பு

தொட்டால் மென்மை, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மட்டும் லேசான, ஒழுங்கற்ற இழைநயம் தெரியும். நகல் வேலைக்கு இந்த அடக்கம்தான் முக்கியம். நீர்வண்ணத் தாளின் மேடுபள்ளம் ஸ்கேனிலேயே பதிவாகிவிடுகிறது. அதைக் கொண்டுபோய் வில்லியம் டர்னர், ஜெர்மன் எட்சிங் போன்ற கரடான தாளில் அச்சிட்டால், படத்தில் இருக்கும் மேடுபள்ளமும் தாளில் இருக்கும் மேடுபள்ளமும் ஒன்றோடொன்று மோதும். மெல்லிய வாஷ் (நீர் கலந்த வண்ணப் பூச்சு) இருக்கும் இடங்களில் அது அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். கரடான தாள்தான் கலைத்தன்மை தரும் என்று நினைத்து வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கணினியில் வரைந்த படத்துக்கு அந்தத் தாள்கள் நன்றாக வரும். ஸ்கேன் செய்த ஓவியத்துக்கு ஃபோட்டோ ராக் போதும். மிக நுண்ணிய பேனாக் கோடுகள் மட்டுமே உள்ள படம் என்றால் இதே குடும்பத்தின் அல்ட்ரா ஸ்மூத் 305 இன்னும் கூர்மையாகக் கொடுக்கும்.

வெண்மை

தாள் இயல்பான வெள்ளை. நீலம் பாய்ந்த பளீர் வெள்ளை அல்ல. ஆனாலும் ஒளிர்வூட்டிகள் (புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாக விடும் பொருள்கள்) சிறிதளவு சேர்த்திருக்கிறார்கள். இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: சாதாரணக் காப்பியர் தாள் நீலமாகக் கொதிக்கும், இது லேசாக மட்டும் ஒளிரும். நடைமுறையில் இதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கும் வெள்ளையும், புற ஊதா கலக்காத எல்இடி விளக்கில் பார்க்கும் வெள்ளையும் சற்று வேறுபடும். ஒளிர்வூட்டி காலப்போக்கில் செயலிழக்கும்போது தாள் அதன் அடிநிறத்துக்கு இறங்கும். அளவு குறைவு என்பதால் இறக்கமும் குறைவுதான். அருங்காட்சியகம் ஒளிர்வூட்டியே கூடாது என்று நிபந்தனை போட்டால் மியூசியம் எட்சிங் 350 அல்லது பேம்பூ 290 பக்கம் போக வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பான நிறம். மியூசியம் எட்சிங்கில் இழைநயமும் கூடுதல்.

சொந்தமாக ப்ரொஃபைல் (இந்தப் பிரிண்டரும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) தயாரிப்பவர்கள் கவனிக்க: புற ஊதா கலந்த, டி50 என்ற தரப்படுத்திய பகலொளியில் அளக்கும் எம்1 முறை ஒன்று, புற ஊதாவை வடிகட்டிவிட்டு அளக்கும் எம்2 முறை ஒன்று. படம் தொங்கப்போகும் இடத்தின் வெளிச்சம் எதற்கு நெருக்கமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் அளந்துவிட்டு மற்றொன்றில் பார்த்தால் நரைநிறங்கள் லேசாக மஞ்சளாகவோ நீலமாகவோ சாயும்.

கறுப்பு

நல்ல நிறமி மை பிரிண்டரில், பளபளப்பில்லாத (மேட்) தாளுக்கான மேட் பிளாக் மை கொண்டு, இந்தத் தாளில் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தி, அதாவது கறுப்பின் ஆழத்தைச் சொல்லும் எண், 1.6 முதல் 1.7 வரை. பளபளப்பான பரைட்டா தாளில் அது 2.3, 2.4 என்று போகும். எல் அளவுகோலில் (0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை) சொன்னால் மேட் கறுப்பு 16, 17 அளவில் நின்றுவிடுகிறது. பரைட்டாவில் 4 வரை இறங்குகிறது. தாளின் தரம் குறைந்ததால் வருவது அல்ல இது. பளபளப்பில்லாத பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, அதில் ஒரு பகுதி கண்ணுக்கு வந்து கறுப்பை வெளிறச் செய்கிறது. எந்த நிறுவனத்தின் மேட் தாளாக இருந்தாலும் இதே கதைதான்.

கரி ஓவியமும் குவாஷும் மூலத்திலேயே பளபளப்பற்றவை. அவற்றின் கறுப்பும் இதே வரம்புக்கு அருகில்தான் இருக்கிறது. அதனால் நகலை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும். மென்பென்சில் படத்தில் கிராஃபைட்டின் சாம்பல் மினுமினுப்பு மட்டும் வராது. எந்த இங்க்ஜெட்டிலும் வராது. எண்ணெய் வண்ணம் வேறு வகை. அடர்பழுப்புக்குள் அடர்பச்சை, அதற்குள் கறுப்பு என்று வார்னிஷின் கீழே அடுக்கடுக்காகப் போகும் நிழல்கள் இந்தத் தாளில் ஒரே சாம்பல் திட்டாக உறைந்துவிடும். அப்படிப்பட்ட படத்துக்கு ஃபோட்டோ ராக் பரைட்டா 315 போடுங்கள். கேன்வாஸில் அச்சிட்டு வார்னிஷ் பூசுவது இன்னொரு வழி.

மேட் பிளாக் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பளபளப்புத் தாளுக்கான போட்டோ பிளாக் மையில் இந்தத் தாளை ஓட்டினால் கறுப்பு கரும்பலகை நிறத்துக்கு வந்துவிடும். எப்சனின் பி800 மாதிரியில் இரண்டு கறுப்புகளுக்கும் ஒரே நாசில் (மை தெளிக்கும் துளை) வரிசை. மாற்றும் ஒவ்வொரு முறையும் மை கழியும். 2020-இல் வந்த பி900-இல் தனித்தனி வரிசை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. மேட் தாளையும் பரைட்டா தாளையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் பிரிண்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

படப்பிடிப்பும் கோப்பும்

தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோப்பில் இல்லாததை அது கொடுக்காது. ஓவியத்தைக் கேமராவில் எடுப்பதென்றால் இரண்டு விளக்குகள், பக்கத்துக்கு ஒன்று, 45 பாகை கோணத்தில். பளபளப்பு உள்ள படமானால் விளக்குகளில் பிரதிபலிப்பை வடிகட்டும் போலரைசர் தகடும் லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் வேண்டும். முதல் ஃப்ரேமில், நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையை ஓவியத்தின் தளத்திலேயே வைத்து எடுங்கள். நான்கு மூலைகளிலும் வெளிச்சம் சமமா என்று ஒரு வெள்ளை அட்டையை வைத்துச் சோதியுங்கள். மேட் தாளின் வெளிர்நிறங்களில் மூலைக்கு மூலை இருக்கும் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

சில நிறங்கள் கேமராவிலேயே மாறிவிடும். கோபால்ட் நீலம் ஊதாப் பக்கம் சாய்வது வழக்கமான தொல்லை. அந்த நிறமி சிவப்பின் கடைக்கோடியில் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, சென்ஸார் பதிவு செய்துகொள்கிறது. ப்ரொஃபைல் இதைச் சரிசெய்யாது. அந்த நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் திருத்த வேண்டும். ஒளிரும் இளஞ்சிவப்பு, தங்கத்தாள், உலோக நிற மை ஆகியவை இந்தத் தாளிலும் வராது, வேறு தாளிலும் வராது. வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏ2 அளவை 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட ஏறத்தாழ 35 மெகாபிக்சல் தேவை; 360-இல் 50. எப்சன் டிரைவர் உள்ளுக்குள் 360 அல்லது 720-இல் வேலை செய்கிறது, கேனான் 300 அல்லது 600-இல். அந்த எண்ணுக்கே கோப்பை மாற்றிக் கொடுத்துவிட்டால் டிரைவர் தன் இஷ்டத்துக்கு நீட்டிச் சுருக்காது. பருத்தி மையைச் சற்று உறிஞ்சிப் பரப்பும் என்பதால், பளபளப்புத் தாளுக்குக் கூர்மையாக்குவதைவிட ஒரு பிடி கூடுதலாகக் கூர்மையாக்கலாம். மானிட்டரில் கொஞ்சம் முரடாகத் தெரிந்தால் தாளில் சரியாக இருக்கும்.

மானிட்டரின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருக்கட்டும். கடையில் வாங்கி வந்தபடியே முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் பிரதி இருண்டுதான் வரும். பழி தாளின் தலையில் விழும்.

டிரைவர்

ஹானெமியூலே தன் தளத்தில் பல பிரிண்டர்களுக்கும் இலவச ஐசிசி ப்ரொஃபைல் கொடுக்கிறது. கூடவே டிரைவரில் எந்த மீடியா வகையை (தாள் வகையை) தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குறிப்பும் வரும். அந்தக் குறிப்பு ப்ரொஃபைலின் பாதி உயிர். மீடியா வகைதான் எவ்வளவு மை விழ வேண்டும், எந்தக் கறுப்பு, பிரிண்ட் ஹெட் எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை மாற்றிவிட்டு அதே ப்ரொஃபைலைப் போட்டால் நிறம் சேராது.

பயன்பாட்டு மென்பொருளே நிறத்தைக் கையாளட்டும். டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் படம் முழுக்கச் செம்மை ஏறி, நடுநிறங்கள் கனத்துப்போகும். அப்படி வந்தால் வேறெதையும் தேடாமல் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

தாளின் வரம்பைத் தாண்டும் நிறங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற தேர்வில், நீர்வண்ணத்துக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் டிக் செய்து. நிறங்களில் பெரும்பாலானவை தாளின் வரம்புக்குள்ளேயே இருக்கும் என்பதால் அவை அசையாமல் இருப்பதுதான் நல்லது. அடர்நிறங்கள் மிகுந்த படத்துக்கு, எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவலையும் சாஃப்ட் ப்ரூஃபில் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தில்) போட்டு ஒப்பிடுங்கள். தாள் வெள்ளையைப் பாவனை செய்யும் தேர்வை ஆன் செய்ததும் திரையில் படம் சட்டென்று செத்துப்போனதுபோலத் தெரியும். பயப்பட வேண்டாம். திரையிலிருந்து ஒரு நிமிடம் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள், கண் பழகிவிடும்.

நிழல் எங்கே அடைபடுகிறது என்று அறிய, 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான அளவில் 0 முதல் 30 வரை இரண்டிரண்டாக ஏறும் சாம்பல் பட்டையை ஒருமுறை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போன கட்டங்கள் முடியும் எண்தான் உங்கள் பிரிண்டரில் இந்தத் தாளின் தரை. நிழலில் தெரிய வேண்டிய விவரம் அனைத்தும் அந்த எண்ணுக்கு மேலே இருக்கும்படி வளைவைத் தூக்குங்கள். மறுமுனையிலும் இதே வேலை உண்டு: 245 முதல் 252 வரை உள்ள வெளிர்வாஷ் தாளோடு கரைந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

மூல ஓவியம் பழுப்பேறிய தாளில் இருந்தால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்தப் பழுப்பையும் சேர்த்து அச்சிட்டால், வெள்ளை ஓரத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். ஓரத்தை வெட்டிவிட வேண்டும் அல்லது மவுண்ட் அட்டையால் மறைக்க வேண்டும். பழுப்பை நீக்கி வெள்ளையாக்கினால் மெல்லிய வண்ணங்களும் கூடவே வெளுக்கும். பழைய படங்களுக்கு முதல் வழியே மேல்.

பிரிண்டரில் ஏற்றும்போது

பருத்தித் தாள் தூசு உதிர்க்கும். அந்தப் பஞ்சுத் துகளின் மேல் மை விழுந்து, பிறகு துகள் உதிர்ந்தால், அடர்நிறத்தின் நடுவே வெள்ளைப் புள்ளி மிஞ்சும். ஒவ்வொரு தாளையும் பிரிண்டரிலிருந்து தள்ளி நின்று செங்குத்தாகப் பிடித்து, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி பட்ட இடத்தில் பூச்சு கெடும். துடைக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் துகள் ஹெட் துடைப்பானில் சேர்ந்து, நாசில் அடைப்பாக முடியும். பெரிய அச்சுக்கு முன் நாசில் சோதனை ஒன்று ஓட்டுவது அரைத் தாள் மையைவிட மலிவு.

தாளின் விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தாலும் ஹெட் அதில் உரசும். அடையாளம்: ஓரத்திலோ கடைசி சில சென்டிமீட்டரிலோ கறுப்புத் தீற்றல். தாளை எதிர்த் திசையில் மெதுவாக வளைத்துச் சமமாக்கி, டிரைவரில் பிளாட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவே உள்ள தூரத்தை) அகலமாக வையுங்கள். ஹெட் உயர்ந்தால் கூர்மை இம்மியளவு குறையும், ஆனால் ஹெட்டைச் சேதப்படுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். ரோல் வாங்குபவர்கள் 12 மீட்டரில் கடைசிப் பகுதி சுருண்டே நிற்கும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான படத்தை ரோலின் தொடக்கத்தில் ஓட்டிவிட்டு, கடைசிப் பகுதியைச் சோதனைத் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் நல்லது. வறண்டால் தாள் சுருளும், தூசு ஒட்டும். ஈரம் மிகுந்தால் மை காயத் தாமதமாகும், கனமாக மை விழுந்த இடம் அலையாகும்.

அச்சான பிறகு

நிறத்தை ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ப்ரொஃபைலுக்காக அளப்பதென்றால் ஒரு நாள் கழித்து. கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் முன் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். மையில் உள்ள கிளைக்கால் என்ற கரைப்பான் மெதுவாகத்தான் ஆவியாகும். அவசரப்பட்டு மூடினால் சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறம் பனிமூட்டம் படியும். அடுக்கி வைக்கும்போது இடையிடையே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள்.

இந்தத் தாளின் உண்மையான பலவீனம் இங்கேதான். மேட் பரப்பில் நிறமி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நகம் பட்டால் கோடு, விரல் தேய்த்தால் மினுக்கு. அடர்கறுப்புப் பகுதியில் இன்னும் மோசம். ஒரு முறை தேய்ந்தால் திருத்த வழி கிடையாது, மறுபடி அச்சிட வேண்டியதுதான். கையுறை போடுங்கள். சட்டம் போடாமல் கைமாறும் பிரதியானால் நிறுவனத்தின் புரொடெக்டிவ் ஸ்ப்ரேயை மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடியுங்கள். ஒரே கனமான பூச்சு திட்டுத் திட்டாகப் பளபளக்கும். சட்டத்துக்குள் மவுண்ட் அட்டை வைத்துக் கண்ணாடி தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடித்தால் பூச்சு வெடிக்கும், எனவே குறுகிய குழாயில் சுருட்டி அனுப்புவது கூடாது. ஏ2 வரை தட்டையாக, இரண்டு அட்டைகளுக்கு நடுவே அனுப்புவதே பாதுகாப்பு.

மற்ற அச்சு முறைகளோடு

நல்ல ஆஃப்செட் அச்சில் ஓர் அங்குலத்துக்கு 175 புள்ளி வரிகள். உருப்பெருக்கியில் ரோஜா இதழ்போன்ற புள்ளிக் கூட்டம் தெரியும். பத்து மை பிரிண்டரில் ஃபோட்டோ ராக் போட்டால் வெறும் கண்ணுக்குப் புள்ளி தெரியாது, உருப்பெருக்கியில் சிதறிய நுண்துளிகளே தெரியும். புள்ளியே இல்லாத முறை கொலோடைப். தகட்டில் பூசிய ஜெலட்டினின் சுருக்கங்களே மையைத் தாங்குகின்றன. அதன் கறுப்பின் செழுமைக்கு இங்க்ஜெட் ஈடு இல்லை என்று சொல்பவர்களை மறுக்க முடியாது. ஆனால் ஜப்பானில் கியோட்டோவின் பென்ரிடோ போன்ற விரல்விட்டு எண்ணும் பட்டறைகளில்தான் அது இன்று நடக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு வேண்டும் என்பதால் ஐந்து பிரதி கேட்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

1990-களின் ஐரிஸ் இங்க்ஜெட் பிரிண்டர்கள் சாய மை கொண்டு அச்சிட்டவை. அக்காலப் பிரதிகள் பல மங்கிப்போனதால், இங்க்ஜெட் கலைப்பிரதியைக் குறிக்கும் ‘ஜிக்ளே’ என்ற சொல்லின் மேல் இன்னும் சந்தேகம் ஒட்டியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கட்டாயத் தரநிர்ணயம் எதுவும் கிடையாது. அச்சகத்துக்கு வேலை கொடுப்பவர்கள் தாளின் முழுப்பெயர், எடை, மை நிறமியா சாயமா, எந்த பிரிண்டர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பருத்தித் தாள்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. பெயரில்லாத பருத்தித் தாள்களில் ஒளிர்வூட்டி நிறைந்தவையும் உண்டு.

முதல் முறை வாங்குபவர்கள் ஏ4 பெட்டியில் தொடங்குங்கள். மூலப் படத்தின் மிக இருண்ட இடம், மிக வெளிர்ந்த இடம், தோல் நிறமோ வானமோ உள்ள ஒரு இடம் என மூன்று துண்டுகளை இறுதி அளவிலேயே வெட்டி ஒரே தாளில் அடுக்கி அச்சிட்டுப் பாருங்கள். முழுப் படத்தையும் சுருக்கி அச்சிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சுருங்கிய படத்தில் எல்லாமே கூர்மையாகத் தெரியும். பெட்டியைத் திறந்தபின் மீதித் தாள்களை அதே பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, தட்டையாக வையுங்கள். அச்சுப் பக்கம் எது என்று குழம்பினால், ஈர விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள்: சற்றே ஒட்டும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். அந்த மூலையைப் பிறகு வெட்டிவிட வேண்டும்.